நின்றுபோன அமெரிக்கக் கடிகாரத்தைத் திறப்பதற்கு முன்

என் மேசையில் இருக்கும், சேத் தாமஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கடிகாரத்தின் அடியில் '0981 ஏ' என்று ஒரு முத்திரை. வருடத்தைத் திருப்பி எழுதி, மாதத்துக்கு ஓர் எழுத்துப் போடுவது அந்தக் கம்பெனியின் ஒரு காலத்துப் பழக்கம். அதாவது 1890 ஜனவரி. அதனால் பழைய கடிகாரம் வாங்கப் போனால் முகப்பை அப்புறம் ரசிக்கலாம். முதலில் அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். உள்ளே ஒட்டிய தாளில் 'பிளிமத் ஹாலோ' என்று ஊர்ப்பெயர் இருந்தால் இன்னும் பழையது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊர்தான் பிறகு தாமஸ்டன் ஆனது. பெட்டிக்குள் பயன்படாத திருகுத் துளைகள் தெரிந்தால், வேறொரு கடிகாரத்தின் இயந்திரத்தை மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நான் அதை வாங்க மாட்டேன்.

'ஓடவில்லை' என்று சொல்லி விற்பதைக் கண்டு பயப்படாதீர்கள். சாவி கொடுத்து, பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் காது கொடுங்கள். டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் வர வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்...' என்று நொண்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். நொண்டல் அதிகமானால் மறுபக்கம் வையுங்கள். சத்தம் சீரானதும் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு நாணயங்களை எடுத்துவிடுங்கள். பெண்டுலத்தைத் தள்ளும் மெல்லிய கம்பியை, மேல்பகுதியை விரலால் பிடித்துக்கொண்டு, உயர்ந்திருந்த பக்கமாக ஒரு மயிரிழை வளையுங்கள். என்னிடம் 'ரிப்பேர்' என்று வந்தவற்றில் பல இதிலேயே ஓடிவிட்டன.

அப்படியும் நின்றால் அழுக்கோ தேய்மானமோதான். இயந்திரத்தை வெளியே எடுத்து, சாவியை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி, சக்கர அச்சுகளின் நுனியைக் கவனியுங்கள். நுனி துளைக்குள் பக்கவாட்டில் நகர்ந்தால், சுற்றிலும் கறுப்பு எண்ணெய் படிந்திருந்தால், துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது. அதற்குப் புது புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு உலோகக் குழாய்) போட வேண்டும். துளையைச் சுற்றி ஆணியால் குத்தி இறுக்குவது பழைய குறுக்குவழி, துளைகள் உள்ள இயந்திரத் தகடுதான் பாழாகும்.

தகடுகளைப் பிரிக்கும் முன் ஒன்று கட்டாயம். இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு உறை கிடையாது, திறந்தே இருக்கும். என் முதல் கடிகாரத்தில் முறுக்கை இறக்காமல் நட்டைக் கழற்றினேன். ஒரு நொடியில் சக்கரங்கள் சிதறின, மூன்று பற்கள் வளைந்தன, என் கட்டைவிரலில் தையல் போட்டார்கள். சரியான முறை இது: முழுக்கச் சாவி கொடுத்து, ஸ்பிரிங்கைச் சுற்றிக் கனமான கம்பி வளையம் மாட்டுங்கள். இறக்குவதற்கென்றே உள்ள உருண்டைப் பிடி சாவியை இறுகப் பிடித்து, ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் பிடித்திருக்கும் தடுப்புக் கொக்கியை விலக்கி, பிடியை உள்ளங்கைக்குள் மெதுவாக வழுக்கவிடுங்கள். ஸ்பிரிங் வளையத்துக்குள் அடங்கிவிடும். ஸ்பிரிங் இரண்டு இருக்கும்: நேரத்துக்கு ஒன்று, மணியடிக்க ஒன்று. இரண்டையும் இறக்க வேண்டும். அந்தக் கொக்கியின் ரிவெட் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

கழுவிய பிறகு கூர் சீவிய மரக்குச்சியை ஒவ்வொரு துளையிலும் சுழற்றுங்கள், குச்சி வெள்ளையாக வெளிவரும்வரை. அச்சு நுனிக்குக் கடிகார எண்ணெய் ஒரு சிறு துளி. பற்களுக்கு எண்ணெயே வேண்டாம். அழுக்கின் மேல் ஸ்பிரே எண்ணெய் அடித்தால் அது அரைக்கும் பசையாகிவிடும்.

என் கடிகாரத்தின் பெட்டி கருங்கல் போலத் தெரியும். உண்மையில் மரத்தின் மேல் ஒட்டிய செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கரையும், நெருப்பு பட்டால் எரியும். ஈரத்துணியே போதும்.

மணி தப்பாக அடித்தால், நிமிட முள்ளை 12-ஐத் தாண்டியதும் 9 பக்கம் திருப்பி, மறுபடி முன்னே கொண்டுவாருங்கள்; எண்ணிக்கை சரியாகும்வரை இப்படியே செய்யுங்கள். என்னுடையது ஒவ்வொரு முறையும் அடுத்த எண்ணிக்கைக்குப் போகிறது. எங்காவது முட்டினால் வலிந்து தள்ளாதீர்கள். ஓட்டத்தைத் திருத்த, இவற்றில் பலவற்றில் 12-க்கு மேலே ஒரு சின்னச் சதுர முனை இருக்கும். 'எஃப்' பக்கம் திருப்பினால் வேகம், 'எஸ்' பக்கம் தாமதம். கால் சுற்று திருப்பி, ஒரு முழு நாள் விட்டு, அப்புறம் அடுத்த கால் சுற்று.