குழுவில் வாய் திறக்காதவர்களைப் பேசவைக்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் எங்கள் பறவை பார்க்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருப்பதில் போகிறது. நஞ்சராயன் குளத்தங்கரையில் ஒன்றாக நடந்த ஏழெட்டுப் பேர் ஆரம்பித்தது. குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த பிறகு ஆள் கூடிக்கூடி இப்போது 140 பேர். ஆனால் ரொம்ப நாள் பேசியது என்னவோ அதே பதினைந்து பேர்தான், அதுவும் இங்கிலீஷில். மற்றவர்கள் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

காங்கேயம் பக்கம் ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் மங்கலான படம் ஒன்றைப் போட்டு, "மரங்கொத்தி" என்று எழுதினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் ஆள் ஒருவர், "நாட் உட்பெக்கர், ஹூப்போ. ப்ளீஸ் செக்" என்று பதில் போட்டார். சாயங்காலம் பார்த்தால் அண்ணன் குழுவை விட்டே போயிருந்தார். போன் செய்தேன். "உங்க இங்கிலீசுக்கு நடுவுல எனக்கென்ன வேல அம்முணி" என்றார். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள், பொழுதுக்கும் ஆடுகளோடு நிற்கிற மனுசர். கௌதாரி எந்தப் புதரடியில் முட்டை வைக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அவரைத் திரும்பக் கூட்டிவர நாங்கள் மாற்றிக்கொண்டவைதான் கீழே இருப்பவை. வேறு பொழுதுபோக்குக் குழு வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில், பேர் தெரிந்தால்தான் படம் போடலாம் என்கிற எண்ணத்தை ஒழியுங்கள். நாங்கள் படத்தோடு இங்கிலீஷ் பேரும் போட வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். அதை எடுத்துவிட்டு நாலே கேள்விகள் வைத்தோம்: எங்கே பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, காகத்தைவிடப் பெரிசா சின்னதா, அது என்ன செய்துகொண்டிருந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம். பார்த்திருந்தால் போதும்.

தப்பாகப் பேர் சொன்னால் திருத்துவதும் இந்த வழியில்தான். அண்ணனிடம் அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டியதைப் போனில் கேட்டேன்: "மரத்துல ஏறுச்சுங்களாண்ணா, தரையில குத்திக்கிட்டு இருந்துச்சுங்களா?"

"தரையிலதான். சாணி கெடக்கற எடமாப் பாத்து மண்ணுக்குள்ள மூக்கை உட்டுப் புழு எடுக்குது. கிட்டப் போனா கொண்டைய விசிறியாட்ட விரிக்குது."

"அப்ப அது கொண்டலாத்திங்கண்ணா. நம்மூர்ல நெறைய பேரு இதையத்தான் மரங்கொத்திங்கறாங்க."

"அப்படிச் சொன்னாப் புரியுது" என்றார். அவ்வளவுதான் வேலை. ஊர்ப்பேரை ஒருநாளும் தப்பு என்று சொல்லாதீர்கள். இங்கே இப்படியும் சொல்வார்கள் என்று பக்கத்தில் சரியான பேரை வையுங்கள். செம்போத்தை ஒருவர் செம்பூத்து என்பார், இன்னொருவர் செண்பகம் என்பார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சில பேர்கள் மட்டும் சிக்கல் பண்ணும். கொக்கு என்றால் வெள்ளையாக இருக்கிற அத்தனையும் அதற்குள் வந்துவிடும். அப்போது மட்டும், மாட்டுக்குப் பக்கத்தில் நின்றதா, தண்ணீருக்குள் நின்றதா என்று கேட்போம்.

அப்புறம், வாய்ஸ் மெசேஜ். முன்பு அதற்குத் தடை வைத்திருந்தோம், கேட்க நேரமில்லை என்று. தடையை எடுத்த வாரமே அண்ணன் திரும்பி வந்தார். அவருக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. பேசினால் எழுத்தாகிற வசதியைக் காட்டினேன், அது எங்கள் கொங்குப் பேச்சைக் கேட்டுக் கண்டதையும் எழுதியது. அதனால் நேரே குரலிலேயே அனுப்புகிறார். முதல் மெசேஜ் பத்து நொடி. பேச்சே இல்லை. "ஊப், ஊப், ஊப்" என்று கொண்டலாத்தி கத்துகிற மாதிரியே கத்தியிருந்தார். அச்சு அசல்.

அதற்குக் கீழே வந்த பதிலை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஹுத்ஹுத்!" என்று ஒருவர் போட்டிருந்தார். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே டெய்லராக இருக்கிற பையன், சேர்ந்து ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவன். கொண்டலாத்திக்கு இந்தியில் அதுதான் பேர். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது: இங்கிலீஷின் ஹூப்போ, இந்தியின் ஹுத்ஹுத், அறிவியல் பேரான உபுபா எபாப்ஸ் எல்லாமே அது கத்துவதைக் கேட்டு வைத்தவை. அண்ணன் வைத்ததும் அதுதான்.

அன்றிலிருந்து பதில் போடும்போது தமிழ்ப் பேரோடு அறிவியல் பேரையும் சேர்க்கிறோம். யாரும் மனப்பாடம் செய்வதற்கில்லை. அதைத் தேடினால் அவரவர் மொழியில் படிக்கக் கிடைக்கும். இங்கிலீஷ் பேரை மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்க மட்டும் சொல்லாதீர்கள். கரும்பருந்துக்கு இங்கிலீஷில் 'பிளாக் கைட்', அது எங்களுக்குக் கருப்புக் காத்தாடியாக வந்தது. 'பார்ன் ஸ்வாலோ' என்கிற தகைவிலானுக்குக் கிடைத்தது "கொட்டகை விழுங்கு". ஒரு வாரம் சிரித்தோம், ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா அதை நிஜப்பேர் என்றே நம்பிவிட்டார்.

ஒடியா பையன் விஷயத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எல்லா மெசேஜையும் மொழிபெயர்க்க ஆரம்பித்தால் மூன்றாம் நாள் சலித்துவிடும். குழுவில் இந்தி தெரிந்த ஒரே ஒருவரை அவனுக்குத் துணையாக விட்டோம், அது போதுமாக இருந்தது. அவன் ஊர் சிலிகா ஏரிப் பக்கம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நாங்கள் பைனாகுலரில் தேடித் தேடிப் பார்ப்பவை. அவன் பறக்கிற தினுசை வைத்தே சொல்லிவிடுகிறான். அதுவரைக்கும் அவனிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நேரத்தையும் பாருங்கள். எங்கள் நடை ஞாயிறு காலை ஆறு மணிக்கு. இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம். வேலை முடிந்து, சம்பளம் வாங்கி, கடைக்குப் போய் வீடு சேர ராத்திரி ஆகிவிடும். கம்பெனி ஆட்கள் ஆறு மணிக்கு எப்படி வருவார்கள்? மாதத்தில் ஒரு நடையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினோம். பையன் இரண்டு நண்பர்களோடு வந்தான்.

விதிகள் இங்கிலீஷில் பதினொன்று இருந்தன. தமிழில் எழுத உட்கார்ந்தபோது எட்டு வேண்டாதவை என்று தெரிந்தது. மீதி மூன்றை நானே பேசிப் பதிவு செய்து, யார் சேர்ந்தாலும் அனுப்புகிறேன். கூட்டின் படமோ இடமோ போடக்கூடாது என்பது அதில் முதலாவது.

தமிழுக்கென்று தனிக் குழு மட்டும் வேண்டாம். ஆரம்பத்தில் நாங்கள் அதையும் செய்து பார்த்தோம். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் பழைய குழுவிலேயே இருந்தார்கள். புதியதில் கேள்விகள் மட்டும் கிடந்தன. இரண்டே மாதத்தில் குட்மார்னிங் படங்கள்தான் மிச்சம். இங்கிலீஷில் எழுதுபவர்கள் எழுதட்டும், ஆனால் தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில். இதற்கு முணுமுணுப்பு வந்தது. "வெளியூர் ஆட்களுக்குப் புரியாதே" என்றார் ஒருவர். அவர்களுக்குத்தான் அறிவியல் பேர் இருக்கிறதே என்றேன். இன்னும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பட்டியலை இபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அண்ணன் கொறங்காட்டில் நின்று, "ஆக்காட்டி ரெண்டு, கௌதாரி கத்துனது மூணு, பனங்காடை ஒண்ணு" என்று குரலில் அனுப்பினார். நான் ஆபீஸ் மேசையில் எழுதிக்கொண்டேன். நடுவில் ஒரு சத்தம் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அது ஆடு, அம்முணி."