அடுக்குமாடி வீட்டில் எந்தச் சேதம் எந்தப் பாலிசியில் வரும்?

அடுக்குமாடியில் ஒரே சேதத்துக்கு மூன்று பாலிசிகள் பொறுப்பாகலாம்: கட்டடத்துக்குக் குடியிருப்புச் சங்கம் எடுத்தது, தன் வீட்டுக்கு உரிமையாளர் எடுத்தது, தன் பொருட்களுக்கு வாடகைதாரர் எடுத்தது. க்ளெய்ம் இழுபறியாவது பெரும்பாலும் இவற்றின் எல்லையைச் சரியாகப் பார்க்காததால்தான்.

சங்கத்திடம் பாலிசியின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதாது. விவர அட்டவணை, எதற்குப் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குப் பட்டியல், இவற்றோடு சங்க விதிகள், மூன்றும் வேண்டும்.

பாலிசியில் முதலில் ‘கட்டடம்’ என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலவற்றில் தூண், தளம், வெளிச்சுவர், மாடிப்படி போன்றவை மட்டும். சிலவற்றில் கட்டுநர் ஒப்படைத்தபோது வீட்டுக்குள் இருந்த டைல்ஸ், கதவு, குளியலறைச் சாமான்களும் சேரும். நீங்கள் பிறகு போட்ட மாடுலர் கிச்சனும் மரத்தளமும் சேர்வது மூன்றாவது வகை. எந்த வகையானாலும் உங்கள் கட்டில், துணிமணி, டிவி சங்கத்தின் பாலிசியில் வராது. கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டியும் அப்படியே, அதற்கு வாகனக் காப்பீடுதான்.

அதிகம் சண்டை வருவது தண்ணீரால். குழாய் திடீரென வெடித்தால் அதனால் வந்த சேதத்துக்குப் பொதுவாகப் பணம் உண்டு, துருப்பிடித்த அந்தக் குழாயை மாற்றும் செலவுக்குப் பெரும்பாலும் கிடையாது. மாதக்கணக்காகக் கசிந்து சுவர் ஊறியிருந்தால் ‘படிப்படியான சேதம்’ என்று மறுத்துவிடுவார்கள். எனவே கழற்றிய குழாய்த் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். வெடிப்பா, அரிப்பா என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்புபவர்) பார்க்கும் நேரடிச் சான்று அதுதான். தண்ணீரை அடைத்து, படம் எடுத்து, சங்கத்துக்கும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சேதம் பெருகாமல் தடுக்கும் வேலையை உடனே செய்யலாம், அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முழு ரிப்பேரை மட்டும் சர்வேயர் வந்து போகும்வரை தள்ளிப்போடுங்கள்.

‘மேல் வீட்டிலிருந்து வந்த தண்ணீர், அவரே கொடுக்கட்டும்’ என்று இருப்பதும் ஆபத்து. பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு அவரால் வந்த சேதத்துக்கு அவர் எடுத்திருக்கும் காப்பீடு, பொதுவாக அவருடைய அலட்சியம் தெளிவானால்தான் பணம் கொடுக்கும். யாருடைய தவறும் இல்லாத வெடிப்பில், கீழ் வீட்டுப் பொருட்களுக்குக் கீழ் வீட்டுப் பாலிசிதான் கைகொடுக்கும்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் பகுதி. அதை ஏற்பது சங்க நிதியா, பாதிக்கப்பட்ட வீடா, தண்ணீர் கிளம்பிய வீடா? இதற்குப் பதில் பெரும்பாலும் பாலிசியில் இருக்காது, சங்க விதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானம் போடுங்கள். தகராறு வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

காப்பீட்டுத் தொகையில் சங்கங்கள் மிச்சம் பிடிப்பது வழக்கம். புதிதாகக் கட்ட 100 ஆகும் கட்டடத்துக்கு 60-க்குப் பாலிசி எடுத்து, 10 அளவுக்குச் சேதம் வந்தால், சராசரி விதி (காப்பீட்டுத் தொகை எந்த அளவு குறைவோ அதே விகிதத்தில் க்ளெய்மையும் குறைப்பது) உள்ள பாலிசியில் கிடைப்பது 6 மட்டும். அதிலும் டிடக்டிபிள் கழியும். நிலத்தின் விலையைத் தொகையில் சேர்க்க வேண்டாம், இடிபாடு அகற்றும் செலவையும் பொறியாளர் கட்டணத்தையும் சேருங்கள். தேய்மானம் கழித்துக் கொடுப்பதா, புதிதாகக் கட்டும் செலவா என்றும் பாருங்கள். பழைய கட்டடத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

லிப்ட், ஜெனரேட்டர், பம்ப் ஆகியவற்றைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். அப்போதும் தானாகக் கருகிய மோட்டாருக்குத் தீ பாலிசி பொதுவாகக் கொடுக்காது, அதிலிருந்து தீ பரவி எரிந்த அறைக்குக் கொடுக்கும். மோட்டாருக்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு தனி. மாடிப்படியில் விருந்தாளி வழுக்கி விழுந்தால் பார்க்க வேண்டியது சங்கத்தின் பொதுப் பொறுப்புப் பிரிவை. உங்கள் வீட்டுக்குள் விழுந்தால் உங்களுடையதை.

உங்கள் பாலிசியில் மாற்று வீட்டு வாடகைப் பிரிவு (சேதத்தால் குடியிருக்க முடியாதபோது வேறு வீட்டுக்கு ஆகும் வாடகை) இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வீடு தொடர்ந்து பூட்டிக் கிடந்தால், பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் பாதுகாப்பு நின்றுவிடும். வெளியூர் கிளம்பும் முன், வாடகைக்கு விடும் முன், சுவர் இடித்து மாற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.