சேலத்திலிருந்து நன்னடத்தை அலுவலர் வேலைக்குப் போவது எப்படி?

குற்றம் செய்தவரை நேரே ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டுத் திருத்த 1958-லேயே சட்டம் வந்துவிட்டது, அந்தக் கண்காணிப்பைச் செய்பவர்தான் நன்னடத்தை அலுவலர். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படித்திருந்தால் ரொம்ப நல்லது. டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளைப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த வேலைகளும் வரும். சம்பளம் பெரிதாக இருக்காது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்கும்போதே, இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர முயலுங்கள். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் நாலு நாள் நின்றாலே வழக்கு எப்படி நகர்கிறது, எங்கே நகராமல் நிற்கிறது என்று புரியும்.

அப்புறம் அறிக்கை எழுதப் பழகுங்கள், வேலையின் உயிரே அதுதான். குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிறுவனை, 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் கொண்டுவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அவனுடைய குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஏற்காட்டுப் பையன் என்றால் மலையேறிப் போய், அப்பா அம்மா காபித் தோட்டத்திலிருந்து திரும்பும் வரை காத்திருந்து, பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், வீட்டில் குடி உண்டா என்று பக்குவமாகக் கேட்க வேண்டும். ‘சகவாசம் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்தால் குழுமத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம்? ஆலோசனையா, சமூக சேவையா, கண்காணிப்பில் விடுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு விவரம் வேண்டும்.

குழுமத்திலேயே சமூகப்பணி உறுப்பினராகவும் ஆகலாம், அதற்குக் குழந்தைகள் நலப் பணியில் 7 ஆண்டு அனுபவம் கேட்பார்கள்.