எண் போன சாலையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

பெங்களூரு–மைசூரு சாலை ஒரு காலத்தில் கர்நாடகாவின் எஸ்.எச். 17, அதாவது மாநில நெடுஞ்சாலை 17. பிறகு அது என்.எச். 275, அதாவது தேசிய நெடுஞ்சாலை 275 ஆனது. 2023 மார்ச்சில் திறந்த எக்ஸ்பிரஸ்வே, அந்தச் சாலையில் உள்ள சன்னபட்டணா ஊரை பைபாஸில் சுற்றிப் போகிறது. ஊருக்குள் ஓடும் அந்தப் பழைய துண்டின் கதையை எழுதப்போகிறீர்களா? எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் எண் வரிசை தனி. தமிழ்நாட்டில் எஸ்.எச். 17 என்ற எண் மாலூர்–ஓசூர்–அதியமான்கோட்டை சாலைக்கு இருந்தது. தேசிய எண்களையும் 2010-இல் கலைத்துப் போட்டார்கள். பெங்களூரின் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் இருந்த என்.எச். 4 இப்போது அந்தமானில் இருக்கிறது!

பாதையை முதலில் வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத் தாள்களில் சன்னபட்டணாவுக்கு 57 எச்/2, அதே சாலையில் பக்கத்து ஊரான ராமநகரத்துக்கு 57 எச்/6. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த, கோயில், ஏரிக்கரை போல இடம் மாறாதவற்றில் நாலைந்து புள்ளி எடுங்கள். எல்லாப் புள்ளியையும் சாலையோரமாகவே எடுத்தால் படம் முறுக்கிக்கொள்ளும். தாளின் நாலு மூலைக்கும் பரவலாக வேண்டும்.

அடுத்தது மைல் கணக்கு. பழைய கெசட்டியர்களில் (ஊர், மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்கள்) தூரம் மைலில்தான் இருக்கும், 1.609-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். பெங்களூரில் எந்த இடத்திலிருந்து அளந்தார்கள் என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறலாம். அதனால் பெங்களூரிலிருந்து உள்ள தூரத்தை அப்படியே ஒப்பிடாமல், ராமநகரத்துக்கும் சன்னபட்டணாவுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒப்பிடுங்கள்.

கிலோமீட்டர் கல்லின் தலை பச்சையானால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சளானால் தேசிய நெடுஞ்சாலை. பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளுக்கு அடியில் பச்சை தெரிந்தால் அதிர்ஷ்டம்தான். சுரண்டிப் பார்க்காதீர்கள். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால், பெயின்டுக்குள் மூழ்கிய வெட்டெழுத்தும் நிழல் கட்டித் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: சாலையை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டிருப்பார்கள். கல்லில் உள்ள எண்ணை நம்பலாம், கல் நிற்கும் இடத்தை நம்பக் கூடாது.

எண் எப்போது மாறியது என்பதற்கு, அதை அறிவித்த அரசிதழ் அறிவிப்பில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்பதையும் தேதியையும் குறித்துக்கொண்டால் போதும்.

கடைசியாகக் கடைப் பலகைகளைப் பாருங்கள். சன்னபட்டணாவில் முகவரி பி.எம். ரோடு என்றுதான் இருக்கும், அதாவது பெங்களூர்–மைசூர் ரோடு. விசாரிக்கும்போதும் அந்தப் பெயரையே சொல்லுங்கள், எஸ்.எச். 17 என்று கேட்டால் மரப்பொம்மைக் கடைக்காரர் எக்ஸ்பிரஸ்வேக்கு வழி காட்டிவிடுவார்.