மிதிவண்டியை அன்றாட வாகனமாக்கிக்கொள்வது எப்படி?

மிதிவண்டி என்பது விளையாட்டுக் கருவி, அல்லது வசதியற்றவர்களின் வாகனம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் பிரதமராக இருந்த மார்க் ருட்டே அலுவலகத்திற்கு மிதிவண்டியில் சென்றதை அந்நாட்டு மக்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டனர். அந்த மனப்பான்மை தானாக வந்ததன்று. 1970களில் சாலை விபத்துகளில் குழந்தைகள் இறப்பதை எதிர்த்து நடந்த போராட்டங்களும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தே அங்கே தனிப் பாதைகளுக்கு வழிவகுத்தன. ஜப்பானிலோ, முன்கூடையும் குழந்தை இருக்கையும் பொருத்திய 'மாமாச்சாரி' வண்டியில் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்வது அன்றாடக் காட்சி.

வண்டியைத் தேர்ந்தெடுக்கையில் வேகத்தைவிட வசதியைப் பாருங்கள். நிமிர்ந்து அமர ஏற்ற கைப்பிடி, சங்கிலி மூடி, மட்கார்டு ஆகியவை இருந்தால் வழக்கமான உடையிலேயே ஓட்டலாம். பெடல் கீழே இருக்கும்போது அதன்மீது வைத்த குதிகாலோடு கால் நேராக நீளும்படி இருக்கையின் உயரத்தை அமையுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி வரக்கூடும்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டரை 20 நிமிடங்களில் கடக்கலாம். விடுமுறை நாளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சற்றுச் சுற்றாக இருந்தாலும் நெரிசல் குறைந்த வழியையே தேர்ந்தெடுங்கள். நிறுத்தியுள்ள கார்களிலிருந்து ஒரு மீட்டராவது விலகி ஓட்டுங்கள். கதவு எந்த நொடியிலும் திறக்கப்படலாம். இருட்டுவதற்கு முன்பே முன்விளக்கையும் பின்விளக்கையும் எரியவிடுங்கள்.