ஸ்வூப்புக்குக் கேனப்பியும் ரைசரும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஸ்கைடைவிங்கில் கேனப்பி (பாராசூட்டின் துணி இறக்கை) மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சதுர அடி?" என்றுதான். சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். உடம்பு, உடை, முழு ரிக் (முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பு) எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, கேனப்பியின் சதுர அடியால் வகுத்தால் விங் லோடிங். மொத்தம் 214 பவுண்ட் என்றால் 170 சதுர அடிக் கேனப்பியில் 1.26, 150-இல் 1.43. விங் லோடிங் ஒன்றாகவே இருந்தாலும் சின்னக் கேனப்பிக்குக் கயிறு குட்டை, அதனால் இன்னும் வெடுக்கென்று திரும்பும்.

ஆனால் ஸ்வூப்பை, அதாவது கேனப்பியை டைவ் அடிக்க வைத்து வேகமெடுத்துத் தரையை ஒட்டிச் சறுக்கி இறங்குவதை, தீர்மானிப்பது ரிகவரி ஆர்க். அதாவது டைவில் இறங்கிய கேனப்பி, நீங்கள் எதையும் தொடாமல் தானாக நிமிர எவ்வளவு உயரத்தைத் தின்கிறது என்பது. ஸ்டிலெட்டோ, கட்டானா இரண்டுமே பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் செய்யும் ஒன்பது செல் (காற்றறை) கொண்ட, ஓரம் குறுகிய எலிப்டிகல்கள்தான், ஆனால் முன்னது சீக்கிரம் நிமிர்ந்துவிடும், பின்னது ஆழமாகப் பாயும், முன் ரைசரும் (கேனப்பிக் கயிறுகளைத் தோளோடு இணைக்கும் பட்டைகளில் முன்னது, இழுத்தால் கேனப்பி பாயும்) கைக்கு லேசாக இருக்கும். சீக்கிரம் நிமிர்வதுதான் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அதில் வேகத்தோடு இறங்க வேண்டுமென்றால் திருப்பத்தைத் தரைக்கு மிக அருகில் தொடங்க வேண்டியிருக்கும், தப்பாகிவிட்டால் திருத்த நேரமே கிடைக்காது. நீண்ட ஆர்க்கில் மேலேயே தொடங்கலாம், யோசிக்க நேரம் உண்டு, ஆனால் உயரத்தைத் தவறாகக் கணித்துவிட்டால் அது தானாக நிமிர்ந்து காப்பாற்றாது. கோச்சோடு படிப்படியாகக் கற்பவருக்கு நான் நீண்டதைத்தான் சொல்வேன். வெலாசிட்டி போன்ற கிராஸ்-பிரேஸ்டு (உள்ளே குறுக்குத் துணித் தாங்கிகள் வைத்த, மிக வேகமான) கேனப்பிகளை இந்தக் கட்டத்தில் நினைக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் டெமோ கேனப்பி கேளுங்கள். 5,000 அடியில் வெளியேறி உடனே திறந்து, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, முன் ரைசரில் 90 டிகிரி திரும்புங்கள், தொடங்கிய உயரத்தையும் நிமிர்ந்த உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்தில் தொடங்கி, ஒரே வேகத்தில் இழுத்து, மூன்று நான்கு முறையாவது செய்தால்தான் இரண்டு கேனப்பிகளை ஒப்பிட முடியும். 2,000 அடிக்கு மேலேயே சோதனையை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ரைசர். டைவ் லூப்புக்குள் (முன் ரைசரை இழுக்கப் பிடிக்கும் வளையம்) கையுறையோடு விரல் தடவாமல் நுழைய வேண்டும், விட நினைத்த நொடியில் வெளியே வர வேண்டும். நீளம் கைக்குப் பொருந்த வேண்டும், எட்டாத டாகிளால் (பிரேக் கயிற்றின் கைப்பிடி) எந்தப் பயனும் இல்லை.

பலர் பார்க்காமல் விடுவது பிரேக் கயிற்றின் தளர்வு. டாகிளைக் கையில் வைத்தபடி முன் ரைசரை மார்பு வரை இழுத்து, தலையைத் தூக்கிக் கேனப்பியின் பின் விளிம்பான வாலைப் பாருங்கள். வால் துளியும் மடங்கக் கூடாது, பிரேக் கயிறு வில்லாக வளைந்து நிற்க வேண்டும். என் கேனப்பி ஒரு சீசனில் முன் ரைசரை இழுத்தாலே குதிரை மாதிரி உதற ஆரம்பித்தது, கேனப்பிக்கே வயதாகிவிட்டது என்று விற்கக்கூட முடிவு செய்திருந்தேன். ரிக்கர் (பாராசூட் பழுது பார்ப்பவர்) அளந்து பார்த்தபோதுதான் ஸ்லைடர் (கேனப்பி திறக்கும்போது கயிறுகளில் வழுக்கி இறங்கும் துணி) உரசும் சூட்டில் ஸ்பெக்ட்ரா என்ற இழையாலான பிரேக் கயிறுகள் இரண்டும் சுருங்கியிருந்தது தெரிந்தது. வெக்ட்ரான், எச்எம்ஏ என்ற வேறு இழைக் கயிறுகள் அப்படிச் சுருங்காது, ஆனால் தேய்ந்தால் சொல்லாமல் அறுந்துவிடும் என்பதால் அவற்றை ஜம்ப் எண்ணிக்கை வைத்து மாற்றிவிட வேண்டும். கீழ்ப் பிரேக் கயிறுகளை மட்டும் மாற்றினோம், அடுத்த ஜம்பிலேயே உதறல் நின்றுவிட்டது.