படகு ட்ரெய்லர் வாங்கப் போகிறீர்களா? பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் பழைய ட்ரெய்லர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். விளம்பரத்தில் 'முழு அலுமினியம், துருவே பிடிக்காது' என்று போட்டிருந்தார்கள். ட்ரெய்லரின் சட்டம் (ஃபிரேம்) நிஜமாகவே புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. விலை பேசி முடித்து, முன்பணம் கொடுக்கப் போகிற நேரம். கூட வந்த நண்பர் தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்த மாம்பழ வடிவக் காந்தத்தோடு குனிந்து ட்ரெய்லருக்கு அடியில் போனார்.

சட்டத்தில் காந்தம் ஒட்டவில்லை. ஆக்சிலில் டக்கென்று ஒட்டியது. பட்டை ஸ்பிரிங்கில் ஒட்டியது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டில், காரோடு மாட்டும் கப்ளிங்கில், படகை இழுத்து ஏற்றும் வின்ச்சில், பிரேக்கில் என்று ஒவ்வொன்றிலும் ஒட்டியது. யு-போல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாகச் சுரண்டினார். துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. "முழு அலுமினியம்னா இதுதானா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து யாராவது "அண்ணே, அலுமினியமா ஸ்டீலா, எது வாங்கலாம்?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. படகை எங்கே இறக்கப் போகிறீர்கள், வெளியே எடுத்த பிறகு உப்புத் தண்ணீர் அந்த ட்ரெய்லரில் எங்கே போய்த் தங்கும் என்று திருப்பிக் கேட்கிறேன். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் உலோகத்தின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

'அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது' என்று நினைப்பது

அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் போடாதே என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மீறிப் போட்டால் கொஞ்ச நாளில் அடியில் ஊசி குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். ட்ரெய்லரிலும் ஏறக்குறைய அதே கதைதான். அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உருவாகி உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே துளைக்கும். காற்றோட்டமாகக் காய்கிற இடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரக் கம்பளத்துக்கு அடியில், இரண்டு தகடு சேரும் இடுக்கில், உப்பும் சேறும் அப்பிக் கிடக்கிற மூலையில்தான் குழி ஆழமாக இறங்கும். சிவப்புத் துரு வராததால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வெள்ளை மாவுபோல ஏதாவது படிந்திருந்தால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது போல்ட். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரி. இரண்டில் எது இளைத்ததோ அது கரையும். எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியச் சட்டமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். ஆனால் போல்ட் சின்னது, சட்டம் பெரியது என்பதால் சேதம் மெதுவாகத்தான் நடக்கும். நடுவில் நைலான் வாஷரும் தடுப்புப் பசையும் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். இதையே தலைகீழாகச் செய்து, பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே காலி. கால்வனைஸ்டு போல்ட் போட்டால் முதலில் அதன் மேலுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றும். அது தீர்ந்ததும் உள்ளே இருக்கும் இரும்பு வெளிவந்து அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். அதனால் அலுமினிய ட்ரெய்லர் பார்க்கும்போது நான் சட்டத்தைப் பார்ப்பதே கடைசியில்தான். போல்ட் தலையைச் சுற்றி பெயின்டோ பசையோ உப்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: மரம். படகு உட்காரும் பலகை உளுத்துவிட்டது என்று ஹார்டுவேர் கடைக்குப் போய், பச்சைச் சாயல் உள்ள பதப்படுத்திய பைன் பலகையை வாங்கி வந்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பச்சை பெரும்பாலும் செம்பு உப்பினால் வருவது. ஈரம் பட்டால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கீழே இருக்கும் அலுமினியத் தாங்கியை அரிக்கும். உங்கள் படகே அலுமினியமாக இருந்தால் அதன் வயிற்றையும் சேர்த்து அரிக்கும். ட்ரெய்லருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, நாற்பது டாலர் பலகையில் கோட்டை விடுவது இப்படித்தான்.

எல்லா ஸ்டீலையும் ஒரே தட்டில் வைப்பது

ஜி.ஐ. பைப் தெரியாத தமிழ் வீடு இல்லை. அந்த ஜி.ஐ.தான் கால்வனைஸ்டு இரும்பு. ஆனால் 'கால்வனைஸ்டு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று விதமான சரக்கை விற்பார்கள்.

முதல் வகை ஹாட்-டிப். வெட்டி, துளையிட்டு, வெல்டிங் எல்லாம் முடித்த சட்டத்தை அப்படியே சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். துத்தநாகம் இரும்போடு கலந்து பிடித்துக்கொள்ளும். இரும்பின் கனத்தைப் பொறுத்து பூச்சு 45 முதல் 85 மைக்ரான் வரை இருக்கும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். குழாயின் உள்பக்கமும் நனைந்து வரும். இரண்டாவது மின்முலாம்: 5 முதல் 25 மைக்ரான்தான். கடையில் வைத்துப் பார்த்தால் இதுதான் அழகு, வழவழவென்று நீலச் சாயலோடு பளபளக்கும். தோட்டக் குப்பை ஏற்றும் ட்ரெய்லருக்கு இது போதும், கடல் தண்ணீருக்குத் தாங்காது. மூன்றாவது பெயின்ட், அல்லது துத்தநாகம் கலந்த ஸ்ப்ரே. ஒரு கல் தெறித்தால் போதும், அங்கிருந்து தொடங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாட்-டிப் பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ஓரங்களில் மெழுகு வழிந்து உறைந்ததுபோலச் சொட்டு நிற்கும். குழாய்களின் முனையில், உருகிய துத்தநாகம் உள்ளே போய் வெளியே வர ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகள் இல்லாத பெட்டிக் குழாயில் (நான்கு பக்கமும் மூடிய சதுரக் குழாய்) எனக்கு நம்பிக்கை கிடையாது.

பெட்டிக் குழாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், உள்ளிருந்து துருப்பிடித்து முறிந்த சட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ரேம்பில், அதாவது படகை இறக்கும் சரிவுத் தளத்தில், இறக்கும் ஒவ்வொரு முறையும் கடல் தண்ணீர் உள்ளே போகிறது. வெளியே வர வழி இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கிறது. பழைய ட்ரெய்லர் பார்க்கப் போனால் அதன் மூக்கை நன்றாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்து ஓட்டையிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வடிந்தால் விலையே பேசாதீர்கள். ஆங்கில 'C' எழுத்துபோல ஒரு பக்கம் திறந்த சி-சானல் சட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. கழுவும்போது நல்ல தண்ணீர் எல்லா மூலைக்கும் போகும். அலுமினியத்தில் ஐ-பீம் சட்டம் பிரபலமாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

வாங்கிய பிறகு செய்யும் தப்பும் உண்டு. மீன்பிடிக் கம்பி மாட்ட, கூடுதல் விளக்கு வைக்க என்று ட்ரில்லை எடுத்து ஆளாளுக்குத் துளை போடுவார்கள். போட்ட இடத்தில் இரும்பு அம்மணமாக நிற்கும். துளை போட்ட அன்றே துத்தநாகம் அதிகமுள்ள பெயின்டை அங்கே அடித்துவிடுங்கள். வெல்டிங் வைப்பதானால் முதலில் அந்த இடத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும், அதுவும் திறந்த வெளியில். வெல்டிங் சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

எடைக் கணக்கைப் பாதியில் நிறுத்துவது

'அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை, அப்போ ட்ரெய்லரும் மூன்றில் ஒரு பங்கு' என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி வராது. அலுமினியத்தின் விறைப்பும் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதே சுமையில் அதே அளவு வளையாமல் இருக்க வேண்டுமானால் சட்டத்தை உயரமாகவும் தடிமனாகவும் செய்தாக வேண்டும். ஆக்சில், சக்கரம், ஸ்பிரிங், கப்ளிங் இதெல்லாம் பெரும்பாலும் இரும்பு. எல்லாம் போக மிஞ்சும் லாபம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த நண்பரின் கணக்கையே பாருங்கள். படகுக் கடை புத்தகத்தில் 680 கிலோ என்று இருந்தது. ஸ்டீல் ட்ரெய்லர் 460. கூட்டினால் 1,140, அவருடைய கார் இழுக்கக்கூடியது 1,500. 'தாராளமா இருக்கு' என்றார். புத்தகத்தில் இருப்பது வெறும் படகு. எஞ்சின் 170 கிலோ. 100 லிட்டர் பெட்ரோல் 75 கிலோவை நெருங்கும். இரண்டு பேட்டரி 45. நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு ஜாக்கெட் வகையறா 50. ஐஸ் பெட்டி, இரை, தூண்டில், மத்தியானச் சாப்பாட்டுக் கூடை 60. படகு மட்டும் 1,080 ஆகிவிட்டது. ஸ்டீல் ட்ரெய்லரோடு 1,540, காரின் வரம்பு தாண்டிவிட்டது. 340 கிலோ அலுமினிய ட்ரெய்லரோடு 1,420. அவர் அலுமினியம் வாங்கினார். அவர் விஷயத்தில் அது சரியான முடிவு. அந்த 120 கிலோவுக்காகக் கூடுதல் காசு கொடுத்ததில் தப்பே இல்லை.

ஆஸ்திரேலிய விதியிலும் இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. காரில் மாட்டிய நிலையில் ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும்; கப்ளிங் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். உங்கள் கணக்கு இந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் அலுமினியத்துக்கு மதிப்பு அதிகம். பெரிய நான்கு சக்கர இழுவை வண்டி வைத்துக்கொண்டு, சின்னப் படகுக்கு 'எடை குறைவு' என்று காசைக் கொட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ரோட்டை மறந்துவிடுவது

எல்லோரும் கடலையே பேசுகிறோம். ட்ரெய்லரின் வாழ்நாளில் பெரும்பகுதி வீட்டு வாசலில் கழிகிறது, ஓடுவதெல்லாம் ரோட்டில்தான். சாதாரண இரும்புக்கு ஒரு குணம்: குலுக்கல் ஒரு அளவுக்குள் இருந்தால் எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அலுமினியம் உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நன்றாக வடிவமைத்த சட்டம் தார் ரோட்டில் பல்லாண்டு ஓடும். ஆனால் அலை அலையாக வரி விழுந்த மண் ரோட்டில் மணிக்கணக்காக இழுத்துப் போகிறவர் யோசிக்க வேண்டும்.

பல அலுமினிய ட்ரெய்லர்களை வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டே கோர்த்திருப்பார்கள். 'காசை மிச்சம் பிடிச்சிருக்கான்' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நேர்மாறு. 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகள் சூட்டுப் பதத்தால் பலம் பெற்றவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் கணிசமாகப் போய்விடும். அதனால்தான் போல்ட். அதற்குப் பதிலாக, போல்ட் இறுக்கத்தை அவ்வப்போது டார்க் ஸ்பானரால் பார்க்கும் வேலை உங்களுக்கு. ஸ்டீல் சட்டம் வழியில் விரிசல் விட்டால், பண்ணைக்காரர் ஒருவர்கூட வெல்டிங் வைத்து வீடு சேர்த்துவிடுவார். அலுமினியத்துக்கு அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்.

உப்பில்லாத ஏரியிலும் ஆற்றிலும் மட்டும் இறக்குகிறவரா? ஈல்டன் ஏரி, மர்ரே ஆறு, அவ்வளவுதானா? அப்போது நல்ல ஹாட்-டிப் ஸ்டீலை வாங்கிவிட்டு மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நடுவழியில் நிறுத்துவது எது

வசந்தத்தில் ஸ்னாப்பர் மீன் சீசன் வந்தால் மெல்பர்னின் பேட்டர்சன் ரிவர் ரேம்ப்பில் திருவிழாக் கூட்டம். வீடு திரும்பும் வழியில் ஓரம்கட்டி நிற்கும் ட்ரெய்லர்களில் நான் கண்டவரை சட்டம் உடைந்தவை அபூர்வம். பெரும்பாலும் பேரிங் போனவை. ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைக் குளிர்ந்த கடல் தண்ணீரில் இறக்கினால் பேரிங் உட்காரும் ஹப்புக்குள் இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். அலுமினியமானாலும் ஸ்டீலானாலும் பேரிங் ஒன்றுதான். ரேம்ப் போனதும் கால் மணி நேரம் சூடு ஆறவிட்டு இறக்குங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைக்காத மாதிரி, ஓரமாக நிறுத்தி.

நான் கடைசியில் வாங்கியது ஹாட்-டிப், திறந்த சி-சானல். என் வண்டி 2,500 கிலோ இழுக்கும், மண் ரோட்டுப் பயணமும் அதிகம். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கீழே வைப்பதற்கு முன் குழாயைத் திறந்துவிடுவேன். ஸ்பிரிங் அடுக்குக்குள், பிரேக் டிஸ்க்கில், ஆக்சிலுக்கு மேல்பக்கம் என்று நல்ல தண்ணீர் பத்து நிமிடம். நண்பரும் தன் அலுமினிய ட்ரெய்லரை இதே பத்து நிமிடம்தான் கழுவுகிறார், காந்தம் ஒட்டிய இடங்களில் கொஞ்சம் கூடுதலாக. அந்த மாம்பழக் காந்தம் இப்போது என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.